வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்

2025 பிப்ரவரி 4ஆம் தேதி சீன வணிக அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டங்ஸ்டன், டெலூரியம், பிஸ்மத், மாலிப்டினம், இண்டியம் ஆகிய ஐந்து உலோகங்களைச் சார்ந்த பல பொருள்களை இனி உரிமம் பெற்றுத்தான் ஏற்றுமதி செய்யலாம் என்பது அதன் சாரம். சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 10 சதவீத வரி விதித்ததற்குப் பதிலடி அது. சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அன்றைக்கு யாரும் இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அறிவிப்பு வந்து சேர்ந்த இடங்களில் அம்பத்தூரும் ஒன்று.

சி.என்.சி. லேத்தில் இரும்பைக் கடைவது, பட்டறையில் 'இன்சர்ட்' என்று சொல்லும் ஒரு சின்னத் துண்டுதான். கட்டைவிரல் நகத்தின் மேல் வைக்கலாம், அவ்வளவுதான் அளவு. பெரும்பாலும் பொன்னிறப் பூச்சு இருக்கும், நடுவில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையில் ஸ்குரூ போட்டு டூல் ஹோல்டரில் இறுக்குவார்கள். ஒரு முனை மழுங்கியதும் ஸ்குரூவைத் தளர்த்தி, துண்டைத் திருப்பி, அடுத்த முனையை வைத்து ஓட்டுவார்கள். எல்லா முனையும் தீர்ந்த பிறகு அதை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். டப்பா நிறைந்தால் எடைக்குப் போகும். டங்ஸ்டன் கார்பைடு தூளில் கோபால்ட்டைப் பிணைப்பாகச் சேர்த்து, அழுத்தி, கடும் சூட்டில் இறுகவைத்தால் அந்தத் துண்டு கிடைக்கும். உலகில் வெட்டியெடுக்கப்படும் டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவினுடையது. பிப்ரவரி அறிவிப்புக்குப் பிறகு உலகச் சந்தையில் டங்ஸ்டன் விலை ஏற ஆரம்பித்தது. ஆண்டு முடிவதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர் பீஸுக்கு இவ்வளவு என்று பேசி முடித்த ரேட்டில் ஓட்டுகிறவர். இன்சர்ட் விலை ஏறியது என்பதற்காக அவருடைய ரேட்டை ஆர்டர் கொடுத்த கம்பெனி ஏற்றித் தருவது அபூர்வம்.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 4ஆம் தேதி, அடுத்த அறிவிப்பு. இந்த முறை சமாரியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களும் அவற்றைக் கொண்டு செய்யப்படும் காந்தங்களும். மின்சார ஸ்கூட்டர், ஆட்டோ, கார் ஆகியவற்றில் பெரும்பாலான மோட்டார்களுக்குள் இருப்பது நியோடிமியம் காந்தம். மோட்டார் சூடேறும்போது காந்த சக்தி குறையாமல் இருக்கக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் சேர்ப்பார்கள். அந்தக் கொஞ்சம்தான் சிக்கலானது. இந்தியக் கம்பெனிகள் காந்தம் வாங்க வேண்டுமானால், அதை ஆயுதத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, நம் அரசின் ஒப்புதல், டெல்லியிலுள்ள சீனத் தூதரகத்தின் முத்திரை எல்லாம் வாங்கி, பெய்ஜிங்கின் உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டி வந்தது. மாருதி தன் முதல் மின்சாரக் காரின் ஆரம்ப மாத உற்பத்தித் திட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததாக ஜூன் மாதம் செய்தி வந்தது. மின்சார ஸ்கூட்டர் உற்பத்தி பாதிக்கப்படும் என்று பஜாஜ் ஆட்டோ எச்சரித்தது. முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா மின் ஆட்டோ தயாராவது அம்பத்தூரில். சுற்றிலும் வாகன உதிரிபாகம் செய்தே பிழைக்கும் நூற்றுக்கணக்கான யூனிட்டுகள். இங்கே அந்தச் செய்தியை யாரும் வெளிநாட்டுச் செய்தியாகப் படித்திருக்க முடியாது.

இந்தப் பகுதியின் டீக்கடைகளில் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது: "சீனாக்காரன் நம்மள விழுங்கிடுவானா?" கேட்பவரின் கவலை உண்மையானது. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் வெவ்வேறு பயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காவிட்டால் ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுவோம். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பெரும்பாலும் செய்துவந்திருப்பது அதைத்தான்.

2001ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, மிச்சமிருந்த 715 வகைப் பொருள்களுக்கான இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை இந்தியா நீக்கியது. டிசம்பர் 11ஆம் தேதி சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. சீனச் சாமான்கள் வந்து குவியும், சிறுதொழில் அழியும் என்று நாடெங்கும் பேச்சு. பேட்டரி, பூட்டு, பொம்மை, சைக்கிள் என்று பட்டியல் நீண்டது. அம்பத்தூருக்குச் சைக்கிள் பத்தோடு பதினொன்றான சரக்கு அல்ல. 1949ல் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டோடு இங்கே தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான், பின்னால் 1960களில் ஏறத்தாழ 1,430 ஏக்கரில் தொழிற்பேட்டை எழுந்த இந்த ஊருக்குத் தொழில் முகத்தைத் தந்தவற்றில் முதன்மையானது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் பர்மிங்காமில் பிறந்தவை. அங்கே அந்தத் தொழில் தேய்ந்தது, இங்கே வளர்ந்தது. தொழில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பெயரும்போது பெறுகிற ஊராக இருந்த அனுபவமும் நமக்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

2001ல் நாம் பயந்தது, சரக்கு வந்துவிடுமே என்று. 2025ல் பயந்தது, சரக்கு வராமல் போய்விடுமே என்று. இந்த இரண்டும் வேறு வேறு நோய்கள்.

வரும் சரக்குக்கு எதிராக நம்மால் முடிந்ததைச் செய்தோம். பொம்மைகள் மீதான சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023ல் 70 ஆகவும் ஏறியது. தரச் சான்று கட்டாயமானது. 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான விலையுள்ள லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு அது உண்மையான நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் உள்பட 59 செயலிகள் தடைசெய்யப்பட்டன. ஆனால் இத்தனைக்கும் பிறகு 2024–25 நிதியாண்டில் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த இறக்குமதி 11,345 கோடி டாலர். நாம் அங்கே அனுப்பியது 1,425 கோடி டாலர். பற்றாக்குறை 9,900 கோடி டாலருக்கும் மேல். அதுவரை இருந்ததிலேயே அதிகம்.

எப்படி? கண்ணில் படுவதைத் தடுத்தோம். கண்ணில் படாதது பெருகியது. இன்று சீனாவிலிருந்து வருவதில் பெரும்பகுதி, செல்போன் பாகங்கள், சர்க்யூட் போர்டுகள், சிப்புகள், லித்தியம் செல்கள், சூரிய ஒளி செல்கள், மருந்து மூலப்பொருள்கள், இயந்திரங்கள். கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள்கள் இவற்றில் குறைவு. பொருள் செய்வதற்கு வேண்டிய பொருள்களே அதிகம். 'சீனப் பொருளை வாங்காதே' என்று ஒருவர் உண்மையிலேயே கடைப்பிடித்தால், முதலில் நிற்பது நம்முடைய தொழிற்சாலைதான். சாவிக்கொத்தையும் அலங்கார விளக்குச் சரத்தையும் ஒதுக்குவதால் மனம் ஆறலாம். அதனால் ஒரு லேத்துக்கும் உதவி இல்லை.

இங்கே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மலிவான சீன போல்ட் வந்தால் போல்ட் செய்பவர் நொடித்துப்போவார் என்பது உண்மை. அதைத் தடுக்க வரி போட்டால், அந்த போல்ட்டை வாங்கி இயந்திரம் பூட்டுகிறவருக்குச் செலவு ஏறும் என்பதும் உண்மை. தொழிற்பேட்டையில் இருவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள், இருவரும் சிறுதொழில்தான். அதனால் எந்த வரியையும் தேசபக்தி என்ற ஒரே அளவுகோலால் எடைபோட முடியாது. யாருக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

சீனா இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பயத்தின் அளவு சரியாகும். 1990 வாக்கில் தனிநபர் வருமானத்தில் இரண்டு நாடுகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. இன்று சீனாவினுடையது நம்மைப் போல ஐந்து மடங்கு. உலகின் மொத்த உற்பத்தித் தொழிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானது அங்கே நடக்கிறது. காந்தத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். நியோடிமியம் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே கண்டுபிடித்தன. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்காகத் தொடங்கிய மேக்னிகுவென்ச் நிறுவனத்தை 1995ல் சீனப் பங்குதாரர்கள் அடங்கிய கூட்டணிக்கு விற்றது. சில ஆண்டுகளில் அமெரிக்க ஆலைகள் மூடப்பட்டன. தொழில் சீனாவுக்குப் போனது. கையெழுத்துப் போட்டுத்தான் விற்றார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று உலகமே வாங்கியது. சீன அரசு கடனும் சலுகையும் கொடுத்துத் தாங்கியது. அதைப் படிக்கும் மாணவர்களை வளர்த்தது. பாவ்தூ நகரத்துக்கு வெளியே நச்சுக் கழிவு ஏரியாகத் தேங்குவதையும் பொறுத்துக்கொண்டது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் அங்குள்ள சாதாரண மக்கள். இன்று அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிப்பதிலும் காந்தம் செய்வதிலும் சுமார் பத்தில் ஒன்பது பங்கு சீனாவிடம் இருக்கிறது. மாயமோ சதியோ இல்லை, முப்பது வருட உழைப்பும் முப்பது வருட மாசும்தான். அதை மூன்று வருடத்தில் எட்டிப் பிடிப்போம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆவடியில் இந்தப் பயத்துக்கு வேறு முகம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்து பிரதமர் மோடியோடு சிற்பங்களைப் பார்த்து நடந்தார். எட்டு மாதம் கழித்து, 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு லடாக்கின் உயரத்துக்கு டி-72, டி-90 டாங்குகள் போயின. இந்தியாவில் அவற்றைத் தயாரித்தது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1965ல் முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்த அதே இடம். மலையில் ஓடக்கூடிய எடை குறைந்த டாங்க் வேண்டும் என்ற தேவை அந்தக் கோடையில்தான் அவசரமானது. ஆவடியிலுள்ள டி.ஆர்.டி.ஓ.வின் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் வடிவமைக்க, எல் அண்ட் டி குஜராத்தின் ஹசிராவில் கட்டிய 25 டன் ஜோராவர் டாங்க் 2024 ஜூலையில் பார்வைக்கு வந்தது. எல்லையைப் பற்றிய பயத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியது இப்படிப்பட்ட வேலை. அது ராணுவத்தின், ராஜதந்திரத்தின், ஆய்வகத்தின் பொறுப்பு. கடைவீதியில் பொம்மைக் கடைக்காரரோடு தீர்த்துக்கொள்ளும் கணக்கு அல்ல.

ஆவடி கற்றுத்தரும் இன்னொரு பாடம், சீனாவைப் பற்றியதே அல்ல. ஜோராவருக்கு முதலில் நினைத்தது ஜெர்மன் எஞ்சின். அதற்கான அனுமதி தாமதமானதால் அமெரிக்கக் கம்மின்ஸ் எஞ்சினைப் பொருத்தினார்கள். 2021 செப்டம்பரில் ஆர்டர் கொடுக்கப்பட்ட 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்குகளும் ஜெர்மன் எஞ்சின் கிடைக்காமல் தள்ளிப்போயின. ஜெர்மனி நமக்கு விரோதி நாடு இல்லை. 2025 ஆகஸ்ட் 27ல் நம் ஏற்றுமதிகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்த அமெரிக்காவும் விரோதி நாடு இல்லை. ஒரு முக்கியமான பாகத்துக்கு ஒரே ஒரு வாசலை நம்பியிருப்பதுதான் ஆபத்து. அந்த வாசல் எந்த நாட்டில் இருக்கிறது என்பது இரண்டாம் கேள்வி. அர்ஜுனுக்கான 1,500 குதிரைசக்தி எஞ்சினை நாமே செய்யும் முயற்சி நடக்கிறது. 2024 மார்ச்சில் மைசூரு பெமல் ஆலையில் முதன்முறையாக ஓட்டிப் பார்த்தார்கள். மெதுவான வேலை. ஆனால் சரியான வேலை.

பூந்தமல்லியில் நின்றால் இதே போட்டியின் மறுபக்கம் தெரியும். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் கம்பெனி பஸ்களில் பெரும்பாலும் இளம்பெண்கள். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் பூட்டுகிறவர்களும் அவற்றுக்கான பாகங்கள் செய்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். சீனாவில் மட்டும் தயாரிப்பது ஆபத்து என்று ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் நினைத்ததால் வந்த வேலை இது. 2024–25ல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. பெரிய நாடுகள் மோதிக்கொண்டால் நமக்குக் கெடுதல் மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

அதற்காக இது நிலைக்கும் என்று அசந்துவிடவும் முடியாது. 2006ல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது இந்தச் சாலையில் பயணித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை மூடவைத்தது சீனா அல்ல. வரித் தகராறும், நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றதும்தான். பல வருடம் பூட்டிக்கிடந்த அந்த இடத்தை எடுத்து மறுபடி வேலை கொடுத்தது சால்காம்ப். பின்லாந்தில் தொடங்கி, 2019ல் சீனாவின் லிங்யி நிறுவனத்தின் கைக்குப் போன கம்பெனி அது. ஃபாக்ஸ்கான் தன் இந்திய ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் லைன் ஓட்டத் தெரிந்தவர்களின் கைப்பழக்கமும் ஒரு சரக்குதான், அதையும் நிறுத்திவைக்க முடியும் என்பது அப்போது புரிந்தது. பர்மிங்காம் ஆட்கள் வந்து கற்றுக்கொடுத்துத்தான் இங்கே சைக்கிள் ட்யூப் இழுக்கக் கற்றுக்கொண்டோம். சீனத் தொழில்நுட்பர்களுக்கு விசா கொடுப்பதைச் சரணடைவதாகப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்களில் கண்டிப்பு வேண்டும்; டை செட்டிங் சொல்லித்தர வருகிறவரை ஒற்றராகப் பார்க்க வேண்டியதில்லை.

இனி வருவது எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. 'சீனாவை நம்பாதே, நம் மண்ணிலேயே தோண்டு' என்று சொல்வது எளிது. யார் மண்ணில்?

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதியின் ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானது. பரப்பு 2,000 ஹெக்டேருக்கு மேல். அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். சமணர் படுக்கைகள், தமிழ் பிராமி எழுத்து, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், மலையிலிருந்து வழியும் நீரை ஏந்தும் ஏரிகள். ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7ஆம் தேதி மேலூர் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சீனா டங்ஸ்டனுக்கு உரிமக் கட்டுப்பாடு போட்டது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து.

அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரிட்டாபட்டிக்காரர்கள் நாட்டுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று நாளை யாராவது வாதிடலாம். அந்த வாதம் தவறு. அன்றைக்கே தோண்டத் தொடங்கியிருந்தாலும் தாதுவை எடுத்து, பிரித்து, தூளாக்கி, ஓர் இன்சர்ட் செய்வதற்குள் பல வருடங்கள் போயிருக்கும். போன நீர்வழி திரும்பி வராது. அம்பத்தூர் பட்டறைக்காரரின் செலவைக் குறைக்க மேலூர் விவசாயி தன் ஏரியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. பட்டறைக்காரரும் அப்படிக் கேட்கவில்லை.

கன்னியாகுமரியிலும் இதே கேள்விதான். மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளாகக் கடல் மணலைப் பிரிக்கும் இந்திய அரிய மணல் ஆலை, கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் எடுக்கத் திட்டமிடுகிறது. மீனவக் கிராமங்கள் எதிர்க்கின்றன. கதிரியக்கம் பற்றிய அவர்களுடைய பயம், ஏட்டுப் படிப்பால் வந்ததல்ல. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணு மற்றும் முக்கியக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி, அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உலகப் போட்டியின் பெயரால் முதலில் பறிபோவது ஊர்க்காரர்களின் வாய்தான் என்றால், அந்தப் போட்டியில் ஜெயித்து என்ன செய்ய? இதில் ஓர் உண்மையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் கடற்கரை மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது. சிக்கலுக்குரிய டிஸ்ப்ரோசியம் அநேகமாக இல்லை. தோண்டுவதால் மட்டும் பெய்ஜிங்கின் வாசலில் நிற்பது நின்றுவிடாது.

பயம் ஆட்கள் மீது திரும்பும்போது அது எதையும் காப்பாற்றுவதில்லை. 1962 போரை ஒட்டி, தலைமுறைகளாக இங்கே வாழ்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தோம். 1982ல் டெட்ராய்ட்டில், ஜப்பான் கார்களால் வேலை போனது என்ற ஆத்திரத்தில் வின்சென்ட் சின் என்ற இளைஞரை அடித்துக் கொன்றார்கள். அவர் ஜப்பானியர்கூட இல்லை, சீன அமெரிக்கர். 2020ல் நம் நகரங்களில் மணிப்பூரிகளையும் நாகர்களையும் 'கொரோனா' என்று கூப்பிட்டோம். அதைத் தடுக்கச் சொல்லி உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வடகிழக்கிலிருந்து வந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நம் ஆட்கள்.

சரி, செய்யக் கூடியது என்ன? 2010ல் சீனாவோடு வந்த ஒரு மீன்பிடிப் படகுத் தகராறில் ஜப்பானுக்கு அரிய மண் தனிமங்கள் வருவது தடைபட்டது. ஜப்பான் கோஷம் போடவில்லை. ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் பணம் போட்டது, கையிருப்பு வைத்தது, டிஸ்ப்ரோசியம் குறைவாகத் தேவைப்படும் காந்தங்களை ஆராய்ந்தது, பழைய மோட்டார்களிலிருந்து காந்தத்தைப் பிரித்தெடுத்தது. சீனாவை நம்பியிருந்த அளவு 90 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இத்தனை வருடமாகியும் முழுதும் விடுபடவில்லை. இதுதான் நடைமுறை வேகம்.

நம் அரசும் சில நல்ல அடிகள் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் ஆலைகளுக்கு 7,280 கோடி ரூபாய் திட்டத்தை 2025 நவம்பர் 26ஆம் தேதி ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. அதற்கு முன் செப்டம்பரில், முக்கியக் கனிமங்களைப் பழைய சாமான்களிலிருந்து மீட்டெடுக்க 1,500 கோடி ரூபாய் ஒதுக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கைச் சிறிய, புதிய நிறுவனங்களுக்கு என்று தனியே வைத்தது. இந்த இரண்டாவது திட்டத்துக்குச் செய்திகளில் கிடைத்த இடம் குறைவு. எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். உலகின் டங்ஸ்டன் தேவையில் கணிசமான பங்கு இப்போதே பழைய கார்பைடிலிருந்துதான் வருகிறது. தொழிற்பேட்டையின் ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு டப்பா நிறைய அது கிடக்கிறது. இந்தச் சரக்கு எடைக்குப் போய், கைமாறி, கடைசியில் எந்த நாட்டில் சேர்கிறது என்பதை அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமும் சிட்கோவும் சேர்ந்து கணக்கெடுக்கலாம். ஒரே இடத்தில் சேகரித்து, தரம் பிரித்து, இந்தியாவிலேயே தூளாக்குகிறவருக்கு நல்ல விலைக்கு விற்கலாம். எந்த மலையையும் தொடாமல் எடுக்கக் கூடிய டங்ஸ்டன் அது.

அதைவிட அவசரமானது பணம். விலை திடீரென்று ஏறும்போது மூன்று மாத இன்சர்ட்டை முன்கூட்டி வாங்கி வைக்கக் கையில் முதல் இருக்கும் பட்டறை தப்பிக்கும். இல்லாத பட்டறை படுத்துவிடும். அந்த முதல் எங்கே இருக்கிறது? செய்து கொடுத்த வேலைக்கு வர வேண்டிய பாக்கியில். சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குறித்த கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வரைக்கும் அதைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும், கெடுபிடி செய்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் கேட்காமல் இருப்பவர்கள் ஏராளம். பேர் வெளியில் தெரியாமல் புகார் கொடுக்க ஒரு வழியும், தாமதிக்கும் பெரிய கம்பெனிகளின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் ஏற்பாடும் மாநிலத் தொழில் துறை செய்து தர வேண்டும். சுரங்கமும் காந்த ஆலையும் பலன் தரப் பல வருடம் ஆகும். இதை இந்த ஆண்டே செய்யலாம்.